பறிமுதல் ரசீது

நலாய்க் சாலையில் தகரச் சாவடி.
நானும் தம்தினும் இரவுக் காவல்.
வெப்பமானி முப்பத்தொன்றைக் காட்டுகிறது.
அதன் முன்னால் கழித்தல் குறி போட
இந்த மாதங்களில் யாரும் மெனக்கெடுவதில்லை.

வேலை எளிது.
வண்டியை நிறுத்து, பின்கதவைத் திற,
கம்பியால் குத்திப் பார்.
ஆட்டுத்தோலுக்குக் கீழே, உருளைக்கிழங்குக்குக் கீழே,
ஒருமுறை தொட்டில் மெத்தைக்குக் கீழே.
சுரங்கத்தில் வெட்டிய பச்சைக் கரி
நகருக்குள் போகக் கூடாது.

நான் ஆணையின் பக்கம்.
இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
என் மகள் மூச்சுக்குத் தவித்த ஜனவரியில்
ஒரு கட்டிலுக்கு மூன்று பிள்ளைகள்.
ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வெளியே
பகல் பதினொரு மணி
பழுப்பாக நின்றுகொண்டிருந்தது.
ஏழை வயிற்றில் அடிக்கிறாயே என்று
ஓட்டுநர்கள் கேட்கும்போது
ஏழைக்கு நுரையீரலும் உண்டு என்பேன்.
சிலர் துப்புவார்கள்.
தரையில் விழுமுன் அது கல்லாகிவிடும்.

இரண்டு மணிக்கு வந்தது ஒரு நீல லாரி.
இருக்கைக்குப் பின்னால், கம்பளிக்குள்,
ஆள் போலச் சுருண்டு படுத்திருந்தது மூட்டை.
பெயர்?
நெர்குய்.
எங்கள் மொழியில் 'பெயரில்லாதவன்'.
முன்பிறந்த பிள்ளைகள் தக்காத வீட்டில்
சாவை ஏமாற்ற வைக்கும் பெயர்.
சாவு ஏமாந்திருக்கிறது, நாற்பது வருடமாக.
ஆடுமாடுகள் விஷயத்தில் ஏமாறவில்லை.

போன குளிர்காலத்தின் நடுவில் மழை பெய்ததாம்.
மழை! அந்த மாதத்தில்!
பெய்த கையோடு உறைந்து
புல்லின் மேல் கண்ணாடிப் பூட்டு.
குளம்பால் தட்டித் தட்டி
நின்றபடியே செத்தன முந்நூறு ஆடுகள்,
பதினோரு மாடுகள்.
அதுவரை அவன் அடுப்பில் எரிந்தது வறட்டி.
மாடு போனால் வறட்டியும் போகும் என்று
எந்தத் திட்ட வரைவிலும் நான் படித்ததில்லை.

அரசு தரும் கரிக்கட்டி வாங்கேன் என்றேன்.
அதற்கு அட்டை கேட்கிறார்கள் என்றான்.
அட்டைக்கு முகவரி.
முகவரிக்கு மனை.
மனைக்கு, போன வருடமே வந்திருக்க வேண்டும்.
போன வருடம் என்னிடம் மாடு இருந்ததே, அக்கா.

தராசில் ஏற்றினேன். நாற்பத்தொன்று.
ரசீது எழுதினேன், பென்சிலால்,
பேனா மை உறைந்துவிட்டதால்.
கை காய்ந்துவிட்டுப் போகிறேன் என்று
சாவடிக்குள் வந்தான்.

எங்கள் பங்குக் கரிக்கட்டி வந்து
ஒன்பது நாளாகிறது.
இதை எழுதலாமா என்று
இப்போதும் தெரியவில்லை.
தம்தின் என் முகத்தைப் பார்க்காமல்
மூட்டையின் வாயை அவிழ்த்தான்.
இரண்டு துண்டு. பிறகு இன்னும் இரண்டு.
அடுப்பு சிவந்தது.
நெர்குய் உள்ளங்கைகளை நீட்டினான்,
தன் வீட்டு அடுப்பில் நீட்டுவது போல.

ரசீதில் எத்தனை?
நாற்பத்தொன்று.
இப்போது முப்பத்தெட்டு இருக்கும் என்றான்.
குறையாகச் சொல்லவில்லை.
கணக்கு அறிந்தவன், அவ்வளவுதான்.
உப்புத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன்.
மூவரும் ஒன்றும் பேசவில்லை.
அந்த இரவுக்குக் கரி
அந்தக் கரி மட்டுமே.

காலாண்டு அறிக்கையில்
'தவிர்க்கப்பட்ட புகை' என்ற பத்தியில்
நாற்பத்தொரு கிலோ உட்காரும்,
நாங்கள் வெப்பமானிக்குப் போடாத
கழித்தல் குறியோடு.
தொலைவிலிருந்து வரும் தணிக்கையாளர் கேட்பார்,
பெயர் இருக்க வேண்டிய இடத்தில்
ஏன் பெயரில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்?

விடியும்போது லாரி கிளம்பியது, வெறுமையாக.
எங்கள் தகரக் குழாயிலிருந்து
கறுப்பாய் ஒரு கோடு எழுந்து
மேலே சற்று நிதானித்து, வளைந்து,
நகரத்தின் பக்கம் நடந்தது.
தடுப்புக் கம்பம் இறங்கியே இருந்தது.